நூற்று ஐம்பத்தொன்றாவது படம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைப் பிடித்து உலுக்க வேண்டாம். இந்தக் கதை என்னுடையது இல்லை. என் ஓரகத்தியுடையது. இன்று காலை பத்தரை மணிக்குப் போன் செய்து, "அக்கா, ஒரு விஷயம் கெடச்சிருக்கு, கதையா எழுதலாம்னு இருக்கேன், கேக்கறீங்களா" என்றாள். கேட்டேன். கேட்கக் கேட்க வயிறு எரிந்தது.

போன மாதம் அவள் எழுதிய கதை பத்திரிகையில் வந்தது, புகைப்படத்தோடு. அந்தப் படத்தில் அவள் போட்டிருக்கும் மூக்குக்கண்ணாடி நான் கூடப் போய்த் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. அதைப் பற்றிப் பத்திரிகையில் ஒரு வார்த்தை இல்லை.

அவள் முக்கால்வாசி சொல்லிவிட்டாள். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "வாசல்ல மணி அடிக்குது, வைக்கறேன்" என்று வைத்துவிட்டேன். மணி அடிக்கவில்லை. அவள் எழுதுவதற்குள் நான் எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான். இப்போது மணி பதினொன்று. கம்ப்யூட்டரைப் போட்டாயிற்று.

2

ஆரம்பம், முதல் முயற்சி:

அவள் குதித்தாள்.

(கிணற்றில் விழுந்த மாதிரி இருக்கிறது. வேண்டாம்.)

இரண்டாவது:

புவியீர்ப்பு என்பது யாருக்கும் சலுகை காட்டாத ஒரு—

(பள்ளிக்கூடத்து வாத்தியார் குரல். படிக்கிறவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.)

மூன்றாவது. இதை வைத்துக்கொள்ளலாம்:

பயிற்சிக் கூடத்தின் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை இருந்தது. நிமிர்ந்தால் தலை இடிக்கும். அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு, ஊரெல்லாம் எவ்வளவு உயரம் குதிக்கிறது என்று கணக்குப் போடுவதுதான் அவள் வேலை.

அவளுக்கு வயது முப்பத்தாறு. கூடத்தில் எல்லோரும் அவளைச் சென்டிமீட்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். கைப்பந்து ஆடுகிறவர்கள், உயரம் தாண்டுகிறவர்கள் எல்லோரும் மாதம் ஒருமுறை அவளுடைய கேமராவுக்கு முன்னால் வந்து, இடுப்பில் கை வைத்து, நின்ற இடத்திலிருந்து மேலே குதிக்க வேண்டும். "சென்டிமீட்டர் அக்கா, பாத்துப் போடுங்க" என்பார்கள். "நான் எங்க போடறேன், நீ குதிச்சதுதான்" என்பாள். அதுதான் அவள் பெருமை. யாருக்கும் கூட்டிப் போட்டதில்லை, குறைத்துப் போட்டதில்லை.

(ஓரகத்தி சொன்னபோது இந்தப் பெண்ணுக்குச் சென்டிமீட்டர் என்ற பட்டப்பெயர் இல்லை. அது நான் வைத்தது. பாருங்கள், எனக்கும் வருகிறது.)

3

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், நானே புரிந்துகொண்டேன் என்றால் பாருங்கள்.

ஒருத்தி எவ்வளவு உயரம் குதித்தாள் என்று பார்க்க அளவுகோல் தேவையில்லை. அவள் காற்றில் எவ்வளவு நேரம் இருந்தாள் என்று தெரிந்தால் போதும். ஏறுவதற்குப் பாதி நேரம், இறங்குவதற்குப் பாதி நேரம். பூமி எல்லோரையும் ஒரே மாதிரி இழுக்கிறது. ஒல்லி என்றும் பருமன் என்றும் பார்ப்பதில்லை. ஆகவே அந்த நேரத்தை அதே நேரத்தால் பெருக்கி, ஒன்பது புள்ளி எட்டு ஒன்றால் பெருக்கி, எட்டால் வகுத்தால் உயரம் மீட்டரில் வந்துவிடும்.*

நேரத்தை எப்படிப் பார்ப்பது? கேமரா ஒரு விநாடிக்கு இருநூற்று நாற்பது படம் எடுக்கிறது. கட்டைவிரல் தரையை விட்டது எந்தப் படத்தில், மறுபடி தொட்டது எந்தப் படத்தில் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து எண்ண வேண்டும். நூற்று ஐம்பது படம் என்றால் நாற்பத்தேழு புள்ளி ஒன்பது சென்டிமீட்டர். நூற்று ஐம்பத்தொன்று என்றால் நாற்பத்தெட்டரை. ஒரே ஒரு படம்தான் வித்தியாசம். கண் சிமிட்டுகிற நேரத்தில் அதுபோல இருபது முப்பது ஓடிவிடும்.

ஒரு நிபந்தனை உண்டு. கிளம்பும்போது கால் எப்படி நீட்டியிருந்ததோ அப்படியே நீட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும். காற்றில் முழங்காலை மடக்கிக்கொண்டால் பாதம் தரையைத் தொடத் தாமதமாகும். உடம்பு உயரப் போயிருக்காது, கணக்கு மட்டும் உயரப் போகும். அதனால் அவள் மேசை மேல் ஒரு நோட்டுப் புத்தகத்தில், அவள் கையாலேயே, முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள்: முழங்கால் மடங்கினால் தள்ளு. அதாவது, அந்தக் குதி கணக்கில் சேராது.

* இதை என் பேரன் பேப்பரில் போட்டுக் காட்டினான். பிறகு, "எதுக்கு, நீங்க குதிக்கப் போறீங்களா" என்று கேட்டான்.

4

இனி இளையவள். இவளை இரண்டு முறை எழுத வேண்டி வந்தது.

முதலில் இப்படி எழுதினேன்:

புதிதாக வந்தவள் யாரையும் மதிக்காதவள். வாயில் எப்போதும் ஏதாவது மென்றுகொண்டு, சென்டிமீட்டரைப் பார்த்தால் ஒரு ஏளனச் சிரிப்பு—

அழித்துவிட்டேன். அவள் அப்படி இல்லை. அப்படி இருந்திருந்தால் சென்டிமீட்டருக்கும் சுலபம், எனக்கும் சுலபம். கெட்டவள் மேல் பொறாமைப்படுவதில் என்ன கஷ்டம்? அவள் நல்ல பெண். அதோடு அவள் யாரோ இல்லை. சென்டிமீட்டரின் கூடப் பிறந்த தங்கை. பன்னிரண்டு வயது இளையவள். வீட்டில் வெட்டுக்கிளி என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தவளே சென்டிமீட்டர்தான், தொட்டிலைப் பிடித்துக்கொண்டு அது எம்பிய எம்பலைப் பார்த்து.

இப்போது பதினொரு வருஷம் பின்னால் போக வேண்டும். அன்று குதித்தவள் அக்காதான். தேசிய அளவில் ஒரு பெரிய பயிற்சி முகாம். அங்கே போனால் நாட்டுக்கே ஆடலாம். நாற்பத்தெட்டு சென்டிமீட்டர் தாண்டியவர்களுக்குத்தான் இடம். அக்கா குதித்தாள், கூடத்தின் பயிற்சி மாஸ்டர் எண்ணினார். நாற்பத்தேழு புள்ளி ஒன்பது. ஒரு மில்லிமீட்டர் போதவில்லை. நகத்தின் கனம்.

அந்த எண்ணைக் கூடத்துச் சுவரில் பெயிண்ட்டால் எழுதினார்கள், கூடத்தின் சாதனை என்று. இன்றைக்கு வரை அதை யாரும் தாண்டவில்லை. அவளோ அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றே ஒன்றுதான் நினைப்பாள். அந்தக் காலத்துக் கேமரா விநாடிக்கு நூற்றிருபது படம்தான் எடுக்கும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் எவ்வளவோ விழுந்துபோகும். நல்ல கேமரா இருந்திருந்தால் எனக்குக் கிடைத்திருக்கும். இதை அவள் அம்மாவிடம் எத்தனை முறை சொன்னாள் என்று கணக்கில்லை. அவளுடைய வாழ்க்கையே அந்த ஒரு மில்லிமீட்டர் மேல்தான் நின்றுகொண்டிருந்தது.

(இந்த வரி நன்றாக இருக்கிறது. ஓரகத்திக்கு இது வராது.)

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அக்கா வீட்டுக் கூடத்தில் குதித்துப் பழகிய நாட்களில் அம்மா, "கீழ் வீட்டுக்காரங்க சத்தம் போடறாங்க, நிறுத்துடி" என்பார். தங்கை குதிக்க ஆரம்பித்ததும் அதே அம்மா பழைய போர்வைகளை நாலாக மடித்துத் தரையில் விரித்தார். கீழ் வீட்டுக்காரர்கள் அப்படியேதான் இருந்தார்கள். வீட்டில் போர்வைகளும் அன்றே இருந்தவைதான்.

அந்தப் போர்வைகளைத் தினமும் சாயங்காலம் உதறி மடித்து வைப்பது சென்டிமீட்டர். மடிக்கும்போது கொஞ்சம் அழுத்தி மடிப்பாள்.

5

கதை நடப்பது ஒரு வெள்ளிக்கிழமை. (எந்தக் கிழமை என்று ஓரகத்தி சொன்னாளா? ஞாபகமில்லை. வெள்ளியே இருக்கட்டும்.) அந்த வருஷத்து முகாமுக்குப் பட்டியல் போக வேண்டிய கடைசி நாள். மாலை நாலு மணிக்கு மாஸ்டர் அனுப்பிவிடுவார். எல்லை அதே நாற்பத்தெட்டுதான்.

தங்கைக்கு மூன்று குதி. முதல் குதி நாற்பத்தாறு புள்ளி ஆறு. இரண்டாவது நாற்பத்தேழு புள்ளி மூன்று. கால் இரண்டும் கோல் மாதிரி நேராக இறங்கின. மூன்றாவதுக்கு முன்னால் வெட்டுக்கிளி கண்ணை மூடிக்கொண்டு, உதட்டுக்குள் என்னவோ சொல்லிக்கொண்டு நின்றாள். பிறகு குதித்தாள்.

மூன்று மணிக்குச் சென்டிமீட்டர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எண்ண உட்கார்ந்தாள். கட்டைவிரல் தரையை விட்ட படத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளினாள். நூற்று நாற்பத்தொன்பது, காற்றில். நூற்று ஐம்பது, காற்றில். ஷூவுக்கும் தரைக்கும் நடுவில் நூல் அளவு வெளிச்சம். நூற்று ஐம்பத்தொன்று, தொட்டுவிட்டது.

நாற்பத்தெட்டரை. முகாமும் தங்கைக்கு, சுவரும் தங்கைக்கு.

அவள் வயிற்றில் என்ன நடந்தது என்று நான் எழுதத் தேவையில்லை. இன்று காலை பத்தரைக்கு எனக்கு நடந்ததுதான்.

மறுபடி பார்த்தாள். இந்த முறை பாதத்தைப் பார்க்கவில்லை, முழங்காலைப் பார்த்தாள். நூற்று ஐம்பத்தொன்றாவது படத்தில் வெட்டுக்கிளியின் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருந்தது. நிறைய இல்லை. நாற்காலியிலிருந்து எழப் போகிறவள் நினைத்து நிறுத்திக்கொண்ட மாதிரி, ஒரு சின்ன மடிப்பு.

முழங்கால் மடங்கினால் தள்ளு. எவ்வளவு மடங்கினால் என்று நோட்டில் எழுதவில்லை. இதுபோன்ற சின்ன மடிப்பை மற்ற பெண்களுக்கு விட்டிருக்கிறாள், தள்ளியும் இருக்கிறாள். அன்றன்றைய கண்.

அவளுக்கு அப்போது தோன்றிய காரணம் மிக நியாயமாக இருந்தது. தங்கைக்கு அள்ளிப் போட்டாள் என்று நாளைக்கு நாலு பேர் பேசுவார்கள். அதற்காகவாவது தள்ள வேண்டும். பொறாமை வரும்போது தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. நேர்மை என்று சொல்லிக்கொண்டுதான் கதவைத் தட்டும். (எனக்கு மட்டும் என்ன? அவளுக்கு முன்னால் நான் எழுதினால் கதை நன்றாக அமையும், வாசகர்களுக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டேன்.)

ஆனால் அவள் ஒழுங்கானவள். தள்ளுவதற்கு ஒரு ஒப்பீடு வேண்டும். சாதனை என்று ஒப்புக்கொள்ளப்பட்ட குதி எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டும். பழைய வீடியோக்கள் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரிலேயே இருந்தன. பதினொரு வருஷமாக அவள் திறக்காத ஒரு கோப்பு இருந்தது. திறந்தாள்.

6

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்துகிறேன். எழுந்து தண்ணீர் குடித்தேன். ஓரகத்தி போன் பண்ணினாள், எடுக்கவில்லை.

7

வலது திரையில் தங்கையின் படம் அப்படியே இருக்க, இடது திரையில் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். பழைய கேமரா, படம் புள்ளி புள்ளியாக இருக்கிறது. சென்டிமீட்டருக்கு முதலில் அவளை அடையாளம் தெரியவில்லை. கழுத்து இவ்வளவு நீளமாகவா இருந்தது?

ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். எழுபது. எழுபத்தொன்று. அந்தப் பெண்ணின் முழங்கால் மடங்க ஆரம்பித்தது. எழுபத்துமூன்று. குதிகால் பின்பக்கம் ஏறுகிறது. எழுபத்தைந்தில் பாதம் தரையைத் தொட்டபோது, அவள் கிட்டத்தட்டக் கண்ணுக்குத் தெரியாத முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

சின்ன மடிப்பு இல்லை. யாராக இருந்தாலும் சென்டிமீட்டர் இதைப் பார்த்த மாத்திரத்தில் தள்ளியிருப்பாள்.

கால் நேராக இருந்திருந்தால் இரண்டு படம் முன்னாலேயே தொட்டிருக்கும், ஒருவேளை மூன்று. அவள் கை தானாகவே கணக்குப் போட்டது. நாற்பத்தைந்து புள்ளி நாலு. அல்லது அதற்கும் கீழே. கேமரா அவளிடமிருந்து ஒன்றும் திருடவில்லை. அவளுக்குக் கூடக் கொடுத்திருந்தது. மாஸ்டர் பார்த்தும் பாராமல் இருந்தாரா, பாவம் என்று விட்டாரா, தெரியாது. ஒரு மில்லிமீட்டர் என்று பதினொரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தது மில்லிமீட்டரே இல்லை. ஒரு கட்டைவிரல் அகலம், இன்னும் கூட.

தங்கையின் முதல் குதியே, நேர்க்காலோடு, அவளை எப்போதோ தாண்டியிருந்தது.

அப்போது கதவு திறந்தது. படியில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்த வெட்டுக்கிளிக்குப் பொறுமை போய்விட்டது. தலையை மட்டும் உள்ளே நீட்டினாள்.

"அக்கா, எவ்ளோ?"

"இன்னும் எண்ணல."

"மூணு முப்பது ஆச்சு. நீ எண்ணாம இருப்பியா." பிறகு திரையைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "ஐ, இதைத்தான் பாத்துட்டு இருக்கியா. எனக்கு இது மனப்பாடம்."

சென்டிமீட்டர் திரும்பினாள். அவளிடம் இது எப்படி வந்தது என்று கேட்டாள்.

மாஸ்டரிடம் கெஞ்சி வாங்கியதாம், இரண்டு வருஷம் ஆயிற்றாம். போனில் இருக்கிறதாம். தூங்கும் முன் ஒருமுறை பார்ப்பாளாம்.

"அப்படியே உன்ன மாதிரி எறங்கப் பாக்கறேன், வரவே மாட்டேங்குது. கடைசில காலை ஒரு மாதிரி தூக்குவ பாரு, அது. இன்னைக்கு மூணாவதுல கண்ண மூடிட்டு அத மட்டுந்தான் நெனச்சேன். கொஞ்சமாவது வந்துச்சா?"

சென்டிமீட்டரின் கண் இரண்டு திரைக்கும் நடுவில் போய்வந்தது. வந்துச்சு என்று சொன்னால் அது தீர்ப்பு. வரவில்லை என்றால் பொய்.

8

காலையில் ஓரகத்தி இதுவரைக்கும்தான் சொன்னாள். அதாவது, இதுவரைக்கும்தான் நான் விட்டேன். "கொஞ்சமாவது வந்துச்சா" என்று அவள் அந்தக் குரலில் சொன்ன இடத்தில்தான் என் வாசலில் இல்லாத மணி அடித்தது.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. சொந்தமாகச் செய்து பார்த்தேன்.

முடிவு ஒன்று. சென்டிமீட்டர் நாற்பத்தெட்டரை என்று எழுதினாள். தங்கை முகாமுக்குப் போனாள். போன இடத்தில் முதல் நாளே வேறொரு சென்டிமீட்டர், "முழங்கால் மடங்குது பாரும்மா, உன்னோடது நாற்பத்தேழுதான்" என்று—

(இதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதனாலேயே நிறுத்திவிட்டேன்.)

முடிவு இரண்டு. தள்ளினாள். பழைய கோப்பை அழித்தாள். ஒருத்திக்கும் தெரியாது. சாயங்காலம் போர்வைகளை மடித்தாள்.

(நடக்கக்கூடியது. ஆனால் அழிப்பதில் பிரயோஜனமில்லை. தங்கையின் போனில் இருக்கிறது; அவளுக்கு மனப்பாடம் வேறு.)

முடிவு மூன்று. இரண்டையும் தள்ளினாள். பெயிண்ட் டப்பாவை எடுத்துவந்து, சுவரில் தன் எண்ணை அழித்துத் தங்கையின் நாற்பத்தேழு புள்ளி மூன்றை எழுதினாள். சாதனை தங்கைக்கு, முகாம் யாருக்கும் இல்லை. எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

(யார் அந்த எல்லோரும்? அறையில் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். அதிலும், தன் குற்றத்துக்குத் தங்கை தண்டனை வாங்குகிற முடிவுக்கு நான் எதற்குப் பெயிண்ட் அடிக்கிறேன்?)

முடிவு நாலு. மணி மூன்றரை. இன்னும் அரை மணி இருக்கிறது. "வா, இன்னொருமுறை குதி. கால நேரா வச்சு" என்றாள்—

(மூன்று குதிக்கு மேல் கிடையாது. இந்த விதியும் அவள் நோட்டில் அவள் எழுதியதுதான். இரண்டாவது பக்கம்.)

9

போன் பண்ணிவிட்டேன். வேறு வழியில்லை.

எடுத்ததும், "யாரு வந்திருந்தாங்க அக்கா, வாசல்ல?" என்று கேட்டாள். யாரும் வரவில்லை என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கதையை நான் எழுதிக்கொண்டிருப்பதையும், பட்டப்பெயர் வைத்ததையும், எட்டாம் பகுதிவரை வந்ததையும். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கத்தினால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

முடிவு என்னவென்று கேட்டேன்.

"எனக்கெங்க தெரியும்? அதுக்குத்தான உங்களுக்குப் போன் பண்ணேன். நீங்க என்ன பண்ணுவீங்கன்னு கேக்கலாம்னு."

"என்னை எதுக்குக் கேக்கற?"

"கல்யாணமான புதுசுல எனக்கு எழுதுவீங்களே, எட்டுப் பக்கம் பத்துப் பக்கம் லெட்டர். அதப் பாத்துதான எழுதவே கத்துக்கிட்டேன். ஒண்ணுமில்லாத விஷயத்தைக் கடைசில இழுத்து ஒரு தூக்கு தூக்குவீங்க பாருங்க. அது எனக்கு இன்னும் வரமாட்டேங்குது."

அந்தக் கடிதங்களில் பாதி பொய். மாமியார் சொல்லாததைச் சொன்னதாக எழுதியிருப்பேன். நடக்காத சண்டையை நடந்ததாக எழுதியிருப்பேன். அது தெரியாமல் அவள் முப்பத்தைந்து வருஷம் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

மூக்குக்கண்ணாடி சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்காதீர்கள். போகவில்லை. அவள் போனை வைத்தபோது இன்னொரு கதை அரைகுறையாக இருப்பதாகச் சொன்னாள். அது என்ன கதை என்று இப்போதே குடைகிறது.

10

அறைக்குத் திரும்பிப் போகிறேன். நான் போனில் இருந்த நேரத்தில் அங்கே ஒன்றும் நகரவில்லை. தங்கை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "கொஞ்சமாவது வந்துச்சா?" இடது திரையில் எழுபத்தைந்தாவது படம், வலது திரையில் நூற்று ஐம்பத்தொன்றாவது படம். ஒரே வீட்டு முழங்கால்கள். மேசையில் பட்டியல். மூன்றாவது குதி என்ற கட்டம் காலி.

சென்டிமீட்டர் ஒரே ஒரு காரியம் செய்தாள். அதை மட்டும் நான் நிச்சயமாகச் சொல்வேன், ஏனென்றால் நானும் இன்று போனில் அதைத்தான் செய்தேன். தன் நாற்காலியிலிருந்து எழுந்து, படிக்கட்டில் தலை இடிக்காமல் குனிந்து, தங்கையை அதில் உட்கார வைத்தாள். இடது திரையைக் காட்டினாள்.

"நீயே தள்ளிப் பாரு. எழுபதுல இருந்து. என் காலை மட்டும் பாரு."

வெட்டுக்கிளி தள்ளினாள். எழுபது. எழுபத்தொன்று. முதலில் சிரித்துக்கொண்டிருந்தாள். எழுபத்துமூன்றில் சிரிப்பு நின்றது. கூடத்தில் வளர்ந்த பெண், விதி தெரியாதவள் இல்லை. இரண்டு வருஷம் தினமும் பார்த்த வீடியோவில் அவள் அக்காவைப் பார்த்திருந்தாள், முழங்காலைப் பார்த்ததில்லை.

எழுபதிலிருந்து மறுபடியும் மறுபடியும் தள்ளிப் பார்த்தாள். பிறகு மெதுவாக வலது திரைப் பக்கம் திரும்பினாள். தன்னுடைய படம். அந்தச் சின்ன மடிப்பு.

அக்காவைப் பார்க்காமலே, "இப்ப என்னக்கா எழுதறது?" என்று கேட்டாள்.

மணி மூன்று ஐம்பது. மாடிப்படியில் மாஸ்டர் இறங்கி வருகிற சத்தம் கேட்கிறது. ஒவ்வொரு படியாக, அறையின் கூரை மேலேயே.

இதற்கு மேல் நான் எழுதலாம். எனக்குத் தெரியும், நன்றாகவே எழுதுவேன். இங்கிருந்து இன்னும் இரண்டு பக்கம் காற்றிலேயே நிற்க வைத்து, கடைசியில் ஒரு தூக்கு தூக்கினால் நீங்களும் கண்ணைத் துடைத்துக்கொள்வீர்கள். கதை இருந்ததைவிட உயரமாகத் தெரியும்.

அதனால் பேனா உங்களிடம். நாற்காலியிலும் நீங்களே உட்காருங்கள், குனிந்து வாருங்கள், தலை இடிக்கும். ஒருத்தி உங்களுக்கு இடது பக்கம் நிற்கிறாள், ஒருத்தி வலது பக்கம். இரண்டு பேரும் உங்கள் கையைத்தான் பார்க்கிறார்கள்.

மூன்றாவது குதி: ............ செ.மீ.

நான் காலை நேராக வைத்து இங்கே இறங்கிக்கொள்கிறேன்.